யேசுதாஸுக்குப் போர்த்திய பட்டு

பிரின்சிபால் கிருஷ்ணவேணிக்குப் பேசத் தெரியாது என்று காஞ்சிபுரத்தில் ஒருத்தரும் சொல்ல முடியாது. பட்டிமன்றமா, புத்தக வெளியீடா, கோயில் உற்சவத்துச் சொற்பொழிவா, மைக்கைக் கொடுத்தால் போதும், மடை திறந்த மாதிரி கொட்டுவாள். டாக்டர் பட்டம் வாங்கியதே, அரசனின் முகத்துக்கு நேராக உண்மை பேசிய பழைய புலவர்களைப் பற்றித்தான். அப்பேர்ப்பட்டவளுக்கு, எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷனிடம், "உனக்கு வேலை போயிடுச்சுப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன!

அந்த மனுஷன் யேசுதாஸ். தமிழ்த்துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பேரோடு சரி. வருஷா வருஷம் ஜூனில் புதுப்பித்தால்தான் வேலை. வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள், அவள் முந்தி, அவன் பிந்தி. துறைத்தலைவியாக இருந்தவள் பிரின்சிபால் நாற்காலியில் ஏறிய அன்று, "கவலைப்படாதப்பா, உன்ன பர்மனென்ட் ஆக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எறங்கமாட்டேன்" என்று தானாகவே வாக்குக் கொடுத்தாள். அவன் கேட்கக்கூட இல்லை.

கல்லூரியின் செயலாளர் கைலாசம் பட்டுக்கடைக்காரர். தமிழுக்குப் பிள்ளைகள் சேரவில்லை, துறையை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கலாம் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். கூடவே, கிருஷ்ணவேணிக்கு இரண்டு வருஷம் பதவி நீட்டிப்பு என்றும் பேச்சு வந்தது. சண்டை போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நிரந்தரமாக இருந்தவர்களெல்லாம் மற்ற துறைகளுக்குப் பொதுத்தமிழ் எடுக்கலாம். யேசுதாஸுக்கு மட்டும் இடமில்லை.

"மத்தவங்களுக்கு ஆண்டு விழாவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். யேசுதாஸ்கிட்ட மட்டும் இப்பவே நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா," என்றார் கைலாசம்.

கூப்பிட்டாள். டீ வரவழைத்தாள். பாடத்திட்டம் பற்றிப் பேசினாள், அவன் மகளின் படிப்பை விசாரித்தாள், அனுப்பிவிட்டாள். அடுத்த வாரமும் அதே கூத்து. கைலாசம் போனில், "யேசுதாஸ்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டபோது, "சொல்லிட்டேன் சார், புரிஞ்சிக்கினாரு" என்றாள். உண்மைக்கு அடைத்துக்கொண்ட தொண்டை பொய்க்கு எப்படித் திறந்தது பாருங்கள்!

ஆனாலும் மனசு உறுத்தியது. ஆண்டு விழாவில் அவனை மேடையேற்றிக் கௌரவமாக அனுப்பிவைத்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள். அங்கேதான் புத்தி பிசகியது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். விருந்தாளியோ, ஓய்வு பெறுகிறவரோ, எல்லாருக்கும் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கும் பளபளா பொன்னாடைதான். கைலாசத்தின் சொந்தத் தறியில் நெய்த பட்டு அங்கவஸ்திரம், ஜரிகைக் கரை போட்டது, வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும். "இன்னாபா, பட்டு வுழுந்துச்சா?" என்றுதான் ஆசிரியர்கள் ஒருத்தரையொருத்தர் விசாரிப்பார்கள்.

"இத்தன வருஷம் உழைச்சவரு சார். வெறும் பொன்னாடைய போட்டு அனுப்ப மனசு வரல. பட்டே போடலாமே," என்று கைலாசத்திடம் கெஞ்சினாள்.

"அப்படி வழக்கமில்லயேம்மா," என்று அவர் இழுத்தார். "சரி, உங்க மனசுக்காவ போடுவோம்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பட்டைப் பார்த்தால் யேசுதாஸ் என்ன நினைப்பான் என்று அவ்வளவு படித்த மூளைக்கு உறைக்கவே இல்லை.

பட்டு எடுத்து வைத்திருக்கும் சேதி ஆபீஸிலிருந்து அவன் காதுக்கு எட்டிவிட்டது. விழாவுக்கு மனைவி அம்சாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும்தான், வேலை நிரந்தரமானதாக இவர்கள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கிருஷ்ணவேணிக்கு உறைத்தது. அப்போதாவது அவனைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். மாட்டாளே!

அவளே பட்டைப் போர்த்தினாள். அவன் மைக்கைப் பிடித்தான்.

"ஜூன் மாசம் வந்தா எங்க வூட்ல யாரும் சரியா தூங்கமாட்டோம். இனிமே தூங்கலாம். வேணிக்கா சொன்ன சொல்ல காப்பாத்திட்டாங்க." பட்டின் நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மண்டபமே கைதட்டியது. கிருஷ்ணவேணியும் தட்டினாள்.

கைலாசத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு இன்னும் நாலு பேர் "அவருக்கு பர்மனென்ட் குடுத்தீங்களே, எனக்கும் குடுங்க" என்று வந்து நிற்பார்களே என்ற பதற்றத்தில் எழுந்து மைக்கை வாங்கினார். "சார் சந்தோஷத்துல மாத்திச் சொல்றாரு. தமிழ்த்துறைய வர்ற ஜூன்லேர்ந்து மூடறோம். மேடம் அவருகிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க. அவரும் பெரிய மனசோட ஏத்துக்கினாரு. அந்த மனசுக்குத்தான் இந்தப் பட்டு." அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னது அதுதான்.

யேசுதாஸ் திரும்பிக் கிருஷ்ணவேணியைப் பார்த்தான். அவள் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். எப்போது சொன்னீர்கள் என்று அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அவள் மானம் கப்பலேறியிருக்கும். அவன் மறுபடியும் மைக்கருகே போனான்.

"ஆமாங்க, மேடம் சொன்னாங்க. நான்தான் ஏதோ உளறிட்டேன்," என்றான்.

விழா முடிந்து கீழே இறங்கியபோது அம்சா அவனைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிக்கினேவா என்ன இந்தப் பொடவைய கட்டிக்கினு வரச் சொன்ன? என்கிட்டயே மறைச்சிட்டியே!"

"தப்புதான் அம்சா. வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் நகரவில்லை. பக்கத்தில் நின்ற கிருஷ்ணவேணியிடம் திரும்பினாள். "ஏம்மா, இந்த மனுஷன்தான் சொல்லல. நீங்களாவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா?"

அவர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் அவரிடம் சொல்லவே இல்லை. இதைச் சொன்னால் போதும். புருஷன் மேல் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற கோபமாவது தீரும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் கைலாசம் விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவரே சொல்லட்டும்னுதாம்மா விட்டுட்டேன்," என்றாள் கிருஷ்ணவேணி.

யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அம்சா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "அதுவும் நியாயந்தாம்மா. ஆத்திரத்துல உங்கள கேட்டுட்டேன், மனசுல வச்சிக்காதீங்க."

"பரவாயில்லம்மா," என்றாள் கிருஷ்ணவேணி. அதையும் சொன்னாள்.