காஜா பெராங் வீடுகளின் பத்திரம்

மலாக்காவின் காஜா பெராங்கில் எனக்கு மூன்று வீடுகள் இருந்தன. ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள். முதல் வீட்டில் நானும் என் மனைவி கோகிலாவும் குடியிருந்தோம். நடு வீட்டில் அஞ்சலை, நகராட்சியில் வேலை பார்த்த புருஷனோடும் பிள்ளைகளோடும். கடைசி வீட்டில் கம்போங் செட்டி என்ற பழைய குடியிருப்பைச் சேர்ந்த, தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் மறந்துபோன ஒரு குடும்பம். அவர்களோடு மலாயில்தான் பேச வேண்டும்.

சிங்கப்பூரில் படிப்பை முடித்து மலாக்காவில் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலைக்கு வந்த சில வருடங்களில், யுத்தத்துக்கு முன், செட்டியார் கடையில் கடன் எடுத்து இவற்றை வாங்கினேன். இரண்டு வீட்டு வாடகை வட்டியைக் கட்டும். என் சம்பளத்தில் கொஞ்சம் அசலுக்குப் போகும். பத்து வருடத்தில் மூன்றும் எங்களுடையவை. அந்தக் கணக்கைப் போட்டவள் கோகிலா. வாடகை வாங்கப் போனதும் அவள்தான். எனக்குக் கேட்க வாய் வராது.

வீடுகளின் பத்திரம், ஊர்ப் பேச்சில் கிராண்டு, செட்டியார் கடை இரும்புப் பெட்டியில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டவர் தெய்வநாயகம் செட்டியார். பணம் அவருடையது அல்ல. முதலாளி காரைக்குடியில் இருந்தார். இவர் சம்பளத்துக்கு வந்த ஏஜெண்டு.

ஜப்பான்காரர்கள் வந்த மறு வருடம் கோகிலாவுக்கு மலேரியா கண்டது. ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை இல்லை. கள்ளச் சந்தையில் இருந்தது. நகை போனது, தையல் மெஷின் போனது, போதவில்லை. வீடுகளின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் கேட்டு தெய்வநாயகத்திடம் போனேன்.

"முதலாளி உத்தரவு இல்லாம ஒரு வெள்ளி பெட்டிய விட்டு வெளிய போகாது தம்பி. அது அவுக பணம்" என்றார்.

கப்பல் தபால் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. உத்தரவு வர வழியே இல்லை. அந்த வாரமே கோகிலா இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்கு தின்றேன். வாடகை கேட்க யாரும் போகவில்லை. யாரும் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை.

ஆக்கிரமிப்பின் கடைசி வருடத்தில் ஜப்பான் நோட்டின் மதிப்பு விழுந்தது. வாழை மரம் அச்சடித்த நோட்டு. ஆனால் சட்டப்படி அதுவும் வெள்ளிதான், பழைய மலாயா டாலருக்குச் சமம். யுத்தத்துக்கு முன் வாங்கிய கடனை அதில் அடைத்தால் கொடுத்தவர் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு வீட்டுக் கடனை ஒரு மூட்டை அரிசி விற்ற காசில் தீர்த்துவிடலாம். கடன்காரர்கள் பணக்கட்டோடு செட்டியார்களைத் தேடி ஓடினார்கள். செட்டியார்கள் ஒளிந்துகொண்டார்கள். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து முனகல் வரும், காய்ச்சல், நாளைக்கு வாருங்கள் என்று. ஊரில் அதற்குச் செட்டியார் காய்ச்சல் என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை ஒரு கட்டு நோட்டோடு வந்தாள்.

"இந்தாங்க கிராணியாரே. பழைய பாக்கி, இந்த வருசம், அடுத்த வருசம், எல்லாம் சேத்து இருக்கு."

"ஏது இவ்வளவு?"

"சேவல வித்தேன். இனிமே ரெண்டு வருசத்துக்கு வாடகைன்னு என் வாசல்ல வந்து நிக்கப்படாது."

"நான் எப்ப வந்து நின்னேன்?"

"நீங்க எங்க நின்னீங்க. அந்தப் புள்ளதான் வந்து நிக்கும். ஒரு காசு கொறைஞ்சா வுடாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேச்சை மாற்றினாள். "கூரை ஒழுகுது, பாத்துக்குங்க."

"பாக்கிறேன்."

"அதுக்கும் சேவல் விக்கணும். அது ஒங்க சேவலு."

கடைசி வீட்டுக்காரரும் மறுநாள் அதே மாதிரி கட்டினார். வாங்கி வைத்தேன். வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை.

பண்டார் ஹிலிரில் ஜெயபாலன் கடை வைத்திருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். அரிசி, டயர், மாத்திரை, எது கேட்டாலும் அவனிடம் கிடைக்கும்.

"கடன்ல இன்னும் எவ்வளவு நிக்குது?" என்று கேட்டான்.

"தொள்ளாயிரம்."

"வாடகையே எழுநூறுக்கு மேல வந்திருக்குங்கிற. சம்பளத்தப் போட்டு அடைச்சிரு மச்சான். கிராண்ட மட்டும் என் கையில கொண்டாந்து குடு. மூணு வீட்டுக்கும் முப்பது பவுன். நோட்டு இல்ல, தங்கம்."

"குடியிருக்கிறவங்க?"

"வெளிய போவாங்க. எனக்குச் சரக்கு வைக்க எடம் வேணும். நீ பவுனோட சிரம்பானுக்கு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. அந்த வீட்டுல ஒனக்குத் தூக்கம் வருதா?"

"வருது."

"மூஞ்சியப் பாத்தா தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "செட்டியார் நோட்டு வேணாம்னு சொன்னாருன்னா, கெம்பித்தாய்க்கு ஒரு வார்த்த சொல்றேன்னு சொல்லு. பெட்டி தானா தொறக்கும்."

கெம்பித்தாய் என்றால் ஜப்பான் ராணுவப் போலீஸ். அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டேன். எனக்கு சிரம்பான் மேல் ஆசை இல்லை. காஜா பெராங்கில் இருக்க வேண்டாம் என்பது மட்டும் இருந்தது.

தெய்வநாயகம் ஊருக்குள் இல்லை. புக்கிட் பாருவில் ஒரு கிழங்குத் தோட்டத்துக் குடிசையில் இருக்கிறார் என்று சொன்னார்கள். தொள்ளாயிரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மத்தியானம் நடந்து போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. பலகைக் கட்டிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி. சமையற்காரன் எப்போதோ போய்விட்டிருக்க வேண்டும். அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

"யாரு? கடன் கட்டவா? எனக்குக் காய்ச்சல் தம்பி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

"நெசந்தான் தம்பி. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. காலையில ஒருத்தரு வந்து சாக்க இழுத்துப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறாரு."

பல் அடித்துக்கொண்டது. கட்டில் ஆடியது. நகங்கள் நீலமாக இருந்தன. நடிப்பில் நகம் நீலமாகாது. நான் பார்த்திருக்கிறேன்.

கொண்டுவந்த வாக்கியத்தைச் சொல்லத் தேவையே வரவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

"கட்டிட்டுப் போங்க. தர்க்கம் பண்ணத் தெம்பில்ல. சாவி இடுப்புல இருக்கு. நீங்களே தொறங்க. ஆனா எண்ணி வைக்கணும், என் கண்ணு முன்னால."

எண்ணினேன். உதடு அசைய அவரும் எண்ணினார். நோட்டைப் பெட்டியில் வைத்தேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். கை நடுக்கம் நின்றதும் வரவு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். பெட்டியைப் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். என் மூன்று வீடுகளும் என் மடியில் இருந்தன. மகிழ்ச்சி வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"கொய்னா சாப்பிட்டீங்களா?"

"எங்க இருக்கு?"

"ஜெயபாலன் கடையில இருக்கு. ஒங்க பெட்டியில தொள்ளாயிரம் இருக்கு."

"அது முதலாளி பணம்."

"செத்துப்போனா?"

"செத்தாலும் முதலாளி பணந்தான். ஒங்களுக்கும் அதத்தான தம்பி சொன்னேன்."

அவர் இதைத் தற்காப்பாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். அன்று எனக்கு இல்லை என்று சொல்ல அவர் ஒரு சாக்குத் தேடினார் என்றே இதுவரை நினைத்திருந்தேன். சாக்கு அல்ல. தலைமாட்டில் மருந்துக்குப் பணத்தை வைத்துக்கொண்டு அவரும் அதே சட்டத்துக்குச் சாகத் தயாராக இருந்தார். இது தெரிந்ததால் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

போகலாம் என்று எழுந்தேன். குளிர் அடங்கி உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. கடன்காரர்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். நடுவில் யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். கோகிலாவும் இப்படித்தான் கதவைச் சாத்தச் சொன்னாள், சாத்திய கதவைப் பார்த்து. இதற்கு அப்புறம் என்ன வரும், அதற்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும்.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். பெட்டியைத் திறந்து பத்திரத்தை உள்ளே வைத்தேன். தொள்ளாயிரத்தை எடுத்துக்கொண்டு பூட்டினேன்.

"என்ன பண்றீக?" கண் என் மேல் நின்றது.

"வரவு எழுதலைல்ல? நான் இன்னும் கடன் கட்டல."

சாவியைத் திரும்ப அவர் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு வெளியே வந்தேன்.

ஜெயபாலன் முதலில் சிரித்தான்.

"செட்டியார் காய்ச்சலுக்கு மருந்து வாங்குன மொத ஆளு நீதான் மச்சான்."

"நெசக் காய்ச்சல்."

"கிராண்டு எங்க?"

"அவர் பெட்டியில."

சிரிப்பு நின்றது. "அந்த ஆளு மண்டையப் போட்டா, கிராண்ட எந்தக் காரைக்குடியில போயித் தேடுவ? இன்னைக்கு அவரு கையாலயே வாங்கியிருக்கலாம்."

"வாங்கினேன். திருப்பி வச்சிட்டேன்."

"கோகிலாவுக்குத் தராதவன்டா அவன்."

"தெரியும்."

"முப்பது பவுனு."

"தெரியும். மாத்திரையக் கொடு."

விலையைச் சொன்னான். பேரம் பேசவில்லை. என்னிடம் இருந்ததை முழுக்க எடுத்துக்கொண்டு, ஒரு பழைய செய்தித்தாள் துண்டில் சில மாத்திரைகளை மடித்துக் கொடுத்தான். அஞ்சலையின் இரண்டு வருட வாடகை அதில் இருந்தது. இரண்டு வருடமும் அவள் அங்கேதான் இருப்பாள்.

குடிசைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வியர்த்துக் கொட்டிக் கொஞ்சம் தெளிந்திருந்தார். தோட்டத்துக் கிணற்றிலிருந்து தகரக் குவளையில் தண்ணீர் எடுத்துவந்தேன். மாத்திரையை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"யாரு பணம்?"

"என் பணம்."

"அப்ப ஒங்க கடன் நிக்குது."

"நிக்குது."

"வட்டியும்."

"வட்டியும்."

அதன் பிறகுதான் கையை நீட்டினார்.