குழாய் பார்த்த வீடு

சாரம் என்கிற ஊரில் ஒரு முட்டுச் சந்து, கண்ணுகளா. உள்ளே போன வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே ராமலிங்கம் மைக்செட் வைத்துப் பிழைத்தான். அவன் பெண்சாதி அமிர்தவல்லி. மூன்று வயதில் ராஜா என்று ஒரே பிள்ளை. காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் பிள்ளைக்கு வலது காது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: இருக்கிற இடது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பெருஞ்சத்தம் கிட்டேயே வேண்டாம், பஞ்சு வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

மைக்செட்காரன் வீட்டில் இதை எப்படி நடத்துவது, சொல்லுங்கள்.

ஆடி பிறந்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் அந்தச் சந்துக்காரர்கள் வெளியே இராத் தங்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே பிள்ளைச்சாவடித் தாய்வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள் அமிர்தவல்லி. மைக்செட்காரன் பெண்சாதியே திருவிழாவுக்கு இல்லையா என்று நாலு பேர் கேட்பார்கள் என்று ராமலிங்கம் விடவில்லை.

தெருவின் அந்தப் பக்கத்துக் கரண்டுக் கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய் அவன் வீட்டைப் பார்த்தே இருந்தது. அது அவனுக்கு மரியாதையாம். காலையில் தொடங்கினால் இராத்திரி வரைக்கும் பாட்டு. கதவைச் சாத்தினால் கதவு அதிர்ந்தது. பிள்ளை பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். அவனது நல்ல காதை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டே அவள் கீரை ஆய்ந்தாள்.

குழாயைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினாள். ஊர் சிரிக்கும் என்றான். ஒரு நாள் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டினான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ராமலிங்கம் ஏணியை எடுத்தான். கரண்டு போன நேரமாகப் பார்த்துக் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டினான்.

கரண்டு வந்தது. ராஜா தூங்கிப்போனான். அப்பாடா என்று அமிர்தவல்லி வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டு ஜன்னல்களை யாரோ ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள்.

அது சொல்தா வீடு. வீட்டுக்காரன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், பிரான்சில் இருந்தான். அவன் பெண்சாதி ஏலேன் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். கிறிஸ்தவப் பெண்ணானதால் காப்பு அவளைக் கட்டாது. ஆனால் பெற்றவர்களும் பிரான்சில், போக இடமில்லை. அமிர்தவல்லி போய்க் கதவைத் தட்டினாள். புழுங்கும் அறையில், குழந்தையின் தலையைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள் ஏலேன்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் எப்பிடிக்கா சொல்லுவேன்? பிரான்சு காசு வந்ததும் சாமி பாட்டு கசக்குதான்னு கேப்பாங்க."

மத்தியானம் சோற்றுக்கு வந்த ராமலிங்கத்திடம் மறுபடி ஏணியை எடுக்கச் சொன்னாள் அமிர்தவல்லி.

"எங்கடி திருப்புறது? எந்தப் பக்கமும் வூடுதான் இருக்குது."

"கோயில் பக்கம் திருப்பு. கேக்க வேண்டியவ அவதான?"

அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான். கோயில் பக்கம் திருப்பினால் மைக்செட்டுக்குக் காசு கொடுக்கிற தர்மகர்த்தா சுப்பிரமணியன் வீட்டு மாடி. அது அவளுக்கும் தெரியும். குழாய் எதிர்வீட்டைப் பார்த்தபடியே இருந்தது.

மறுநாள் பாட்டுத் தொடங்கும் முன்பே இரண்டு பெண்களும் பிள்ளைகளோடு பஸ் ஏறினார்கள். காப்பு இராத்திரிக்குத்தானே, பகலுக்கு இல்லையே.

"சோறு யாரு ஆக்குவா?" என்று ராமலிங்கம் கேட்டிருந்தான்.

"உன் கொழா ஆக்கும்" என்றுவிட்டுத்தான் வந்தாள்.

பிள்ளைச்சாவடியில் பகலெல்லாம் ராஜா கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான். அவள் வேண்டுமென்றே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; மெல்ல, இன்னும் மெல்ல.

பொழுது சாயத் திரும்பினார்கள். சந்து முனைக்கு வரும்போதே பாட்டு வந்து அறைந்தது.

"செத்த நின்னுட்டுப் போலாம்க்கா" என்றாள் ஏலேன்.

நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. அமிர்தவல்லி பிள்ளையைத் தோள் மாற்றி, நல்ல காதைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்தாள். மிச்சமிருந்த கையை நீட்டி ஏலேனுடைய குழந்தையின் ஒரு காதைப் பொத்தினாள். இன்னொரு காதை ஏலேன் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அப்படியே ஒருவரை ஒருவர் ஒட்டி, அடி மேல் அடி வைத்து, உள்ளே நடந்தார்கள்.