பதினாறுக்கு மேல்

"ஸ்வெட்டரைக் கழட்டு" என்றாள் நேடீன்.

வெளியே முழங்கால் அளவு பனி. எங்கள் சர்ச்சின் பாடகர் மாடியில் சூடேற்றும் குழாய் ஒன்று உண்டு. அது சூடாகி நான் பார்த்ததில்லை. கீழே சமையலறையில் ஹாம் சாண்ட்விச்சைப் பாதியில் போட்டுவிட்டு, விரலெல்லாம் கடுகு வாசத்தோடு அப்போதுதான் படியேறி வந்திருந்தேன்.

"எதுக்குடீ?"

"கம்பளி. அதுலேர்ந்து ஒரு பொறி பறந்தா போதும், இது செத்துரும்."

இது என்றது அவள் உள்ளங்கையில் கிடந்த இரண்டு பச்சைத் துண்டுகளை. சூயிங்கம் பட்டை அகலம்தான் இருக்கும், ஓரத்தில் மட்டும் பொன்னிறப் பற்கள். மெமரி. புயலில் தபால் வண்டி வழியிலேயே நின்றுவிட, அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. ஆர்கன் பக்கத்து மேசையில் அவளுடைய லேப்டாப் கவிழ்ந்து கிடந்தது, அடிமூடியைக் கழற்றி வயிறு தெரிய. நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் இறங்க அந்தக் குளிர்ந்த குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வரச் சொன்னாள், தொட்டேன். பிறகு டார்ச்சைக் கையில் கொடுத்தாள். அறுபது வயதுக்குமேல் உள்சட்டையோடு சர்ச்சில் நின்று டார்ச் பிடிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பதினொரு மணிக்கு ரெய்னோ லாஹ்தியின் அடக்க ஆராதனை. முப்பது வருடம் எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர். பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையதுதான். ஆர்கன் வாசிக்கிற நேடீன் சபைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருக்கிறதே என்று, பழைய லாரியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி ஆர்கனில் பொருத்திக் கொடுத்தவரும் அவர்தான். அதில் முழு சர்ச்சும் தெரியும்.

ஆர்கன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கூரை ஒழுகி, அதன் தோல் துருத்திகள் அழுகிப்போயின. சரிசெய்ய ஆகும் தொகையைக் கேட்டதும் சபைக் குழு காபி குடிக்கப் போய்விட்டது. வாசிக்கும் கட்டைகள் மட்டும் மிஞ்சின. நேடீன் அவற்றை ஒரு வயரால் தன் லேப்டாப்போடு சேர்த்தாள். டென்மார்க்கில் ஏதோ ஒரு பழைய ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாக ஊதவைத்துப் பதிவுசெய்து விற்கிறார்களாம். இவள் இங்கே கட்டையை அழுத்தினால் அந்தக் குழாய் எங்கள் ஸ்பீக்கரில் ஊதும். ஆனால் அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் லேப்டாப்பின் மெமரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே இருந்ததோ பதினாறு ஜிபி. அதனால் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய குழாய்களை அவள் வெளியே நிறுத்திவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அவற்றையும் திணித்துப் பார்த்தாள். இரண்டாவது பாட்டிலேயே லேப்டாப் உறைந்துபோய், ஒரே சுரம் நிற்காமல் எங்கள் காதைத் துளைத்தது. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டாள்.

ரெய்னோவின் மனைவி ஐலிக்கு முப்பது வயதில் ஒரு காய்ச்சலில் காது போயிற்று. உதட்டைப் பார்த்துப் பேசுவாள், தேவைக்கு மேல் சத்தமாக. மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் அவள் இடம். எங்கள் ஆர்கனின் பெரிய குழாய்கள் நின்றது அந்தச் சுவருக்குப் பின்னால்தான். பாட்டு தொடங்கும்போது வலக்கைக் கையுறையை உருவிவிட்டு உள்ளங்கையை முன்பெஞ்சின் முதுகில் பதிப்பாள். மரம் நடுங்குவதை வைத்தே பாட்டு எங்கே வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆமெனுக்கு எங்களைவிடச் சரியாக எழுந்து நிற்பாள். லேப்டாப் வந்தபிறகு கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பழகிவிட்டாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். நமக்குச் சௌகரியமானதை நினைத்துக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரெய்னோ இறந்த மறுநாள் நானும் நேடீனும் கோழியும் நூடுல்ஸும் சேர்த்து வேகவைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். என்ன பாட்டு வேண்டும் என்று நேடீன் கேட்டாள். ஐலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பாட்டு எதுனா என்ன நேடீன். நான் செவிடு, அது எனக்குப் பழகிப்போச்சு. சர்ச்சும் ஊமையாயிட்டா நான் எதுக்கு வர்றது? இந்த ரெண்டு வருஷம் ரெய்னோவுக்குத் துணையா வந்தேன். இனிமே யாருக்குத் துணை?"

வீட்டுக்குப் போன கையோடு நேடீன் லேப்டாப் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அங்கே பேசிய பெண், "பதினாறுதான் மேடம், அதுக்கு மேல போட்டா அது ஏத்துக்காது" என்றாளாம். அதற்குப் பிறகு இவள் இணையத்தில் தேடியிருக்கிறாள். இதே லேப்டாப்பில் இரட்டிப்பு மெமரி போட்டு ஓட்டுவதாக கனடாவில் ஆல்பர்ட்டாப் பக்கம் ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நேர் கீழே இன்னொருவன், போட்டேன், திரை வரவே இல்லை, தூக்கிப் போட்டேன் என்று எழுதியிருந்தான். நேடீன் மேலே இருந்தவனை நம்பினாள்.

பழைய துண்டுகளை நெம்பி எடுத்து, மருந்துப் புட்டியிலிருந்து எடுத்த பஞ்சில் வைத்தாள். புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தினாள். இரண்டு பக்கமும் க்ளிக் என்றது. அடுத்ததும் அப்படியே. அடிமூடியை மாட்டி, நிமிர்த்தி வைத்து, பொத்தானை அழுத்தினாள். ஓரத்தில் சின்ன வெள்ளை விளக்கு வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"செத்துருச்சா?"

"முதல் தடவை இப்படித்தானாம். புதுசா வந்தது யாரு, எவ்வளவு வேகம்னு உள்ளுக்குள்ள பரீட்சை வச்சுப் பாக்குமாம். நடுவுல அணைச்சுட்டோம்னா திரும்ப முதல்லேர்ந்து. சில சமயம் அதோட சரி."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரொம்ப நேரம்னு எழுதியிருந்தான்."

"ரொம்பன்னா?"

"ரொம்பன்னா ரொம்ப. பெவ், உனக்கு ஒரே வேலை. அந்தப் பொத்தானை யாரும் தொடக்கூடாது."

நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேசைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கீழே கதவு திறந்து மூடுகிற சத்தம், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

போதகர் ஜோயல் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். மினியாபொலிஸிலிருந்து எங்களிடம் வந்து இது அவருக்கு இரண்டாவது குளிர்காலம். நல்லவர்தான், ஆனால் ஆண்டவரே கொஞ்சம் தாமதித்தால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பார். திரையைப் பார்த்தார்.

"நேடீன், வண்டி வந்துருச்சு. பெட்டியை உள்ள கொண்டு வர்றாங்க. ஏன் இது கறுப்பா இருக்கு?"

நேடீன் சொன்னாள். கம்பெனி சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அதாவது, செய்யாதீங்கன்னு சொன்னதை, அடக்கத்தன்னிக்குக் காலைல செஞ்சிருக்கீங்க."

"ஆமா."

"பழசை மாட்டுங்க. இன்னும் நேரமிருக்கு. பெரிய குழாய் இல்லாட்டி என்ன, ஒரு பாட்டாவது ஒழுங்கா இருக்கும். இல்லேன்னா என் போன்லயே ஒரு ஆர்கன் பதிவைப் போட்டு—"

"பாஸ்டர்," என்றேன், "போன்ல பாட்டைப் போட்டு அனுப்புறதுக்கு ரெய்னோ என்ன டாக்ஸில போறவரா?"

அவர் என்னைச் சுற்றிக் கையை நீட்டினார். பொத்தானுக்குத்தான். நான் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டேன். லேப்டாப் கதகதப்பாக இருந்தது. உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி அதுதான். அவர் நியாயம் பேசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீழே அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, இங்கே சத்தமே வராமல் போனால் அவர் முகம்தானே எல்லோருக்கும் முன்னால் நிற்கும்.

நேடீன் ஆர்கன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "ரெய்னோவோட பாட்டுக்கு ஆறு சரணம்" என்றாள். "ஒரு தடவை வாசிக்கிறேன். முடியறதுக்குள்ள வரலைன்னா பழசை மாட்டிடறேன். அதுவரைக்கும் சும்மா இருங்க."

வாசிக்க ஆரம்பித்தாள். உயிரில்லாத கட்டைகளில். மரம் மரத்தில் தட்டுகிற டக் டக் சத்தம் மட்டும். எங்கள் தாத்தாக்கள் கப்பலில் கொண்டுவந்த பின்லாந்துப் பாட்டு, ஊரில் எல்லோருக்கும் தூக்கத்திலும் வரும். அந்தத் தட்டலை வைத்தே எங்கே வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கறுப்புத் திரையையும் அவள் கால்களையும் மாறி மாறிப் பார்த்தேன். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. போதகர் கைப்பிடியைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதில் லாரிக் கண்ணாடியில் ஐலி வந்தாள். கறுப்புக் கோட்டு, சாம்பல் கையுறை. பெட்டியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, திரும்பி மாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கிருந்து அவளுக்கு நேடீனின் முதுகு தெரியும், ஆடுகிற தோள்கள் தெரியும், பக்கவாட்டில் ஓடுகிற முழங்கைகள் தெரியும்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

முன்பக்கம் திரும்பினாள். வலக்கைக் கையுறையை விரல் விரலாக உருவி மடியில் வைத்தாள். உள்ளங்கையை முன்பெஞ்சின் முதுகில் பதித்தாள். காத்திருந்தாள். பிறகு கையைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரோரமாக வைத்துப் பார்த்தாள். அவள் முதுகு மெல்லக் கூனுவதை நான் கண்ணாடியில் பார்த்தேன். கையை எடுத்து, உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஓடிப்போய் அவள் முகத்துக்கு நேரே நின்று, இன்னும் தொடங்கலை ஐலி, இது வெறும் கட்டை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பொத்தானை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நேடீனும் பார்த்துவிட்டாள். அவள் முதுகு விறைத்தது, விரல் மட்டும் நிற்கவில்லை. நான்காவது. ஐந்தாவது. கீழே சலசலப்பு அடங்கி, எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற அமைதி வந்துவிட்டது. அந்த அமைதியில் டக் டக் கீழே கேட்டிருக்கும்.

ஆறாவது முடிந்தது. திரை கறுப்பு.

"நேடீன்" என்றார் போதகர், மிகவும் மெதுவாக. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நேடீன் பஞ்சிலிருந்த பழைய துண்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெய்னோ கடைசிச் சரணத்தை எப்பவும் ரெண்டு தடவை பாடுவாரு" என்றாள்.

"அது அவருக்கு முடிஞ்சது தெரியாததால" என்றேன்.

"எதுனாலயோ, பாடுவாருல்ல" என்று மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அந்தச் சரணத்தின் இரண்டாம் அடியில் என் உள்ளங்கைக்குக் கீழே விசிறி உறுமியது. கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. மெமரியின் அளவு மாறியிருக்கிறது, தொடர ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். கீழே ஒரு எண்: முப்பத்திரண்டு.

நேடீன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து விசையை அழுத்தினாள்.

"இன்னும் குழாயெல்லாம் ஏறணும்" என்றாள். "நீளமா எதையாவது படிங்க பாஸ்டர்."

அவர் இறங்கிப் போய், எங்கள் சபை இதுவரை முழுசாகக் கேட்டிராத ஒரு பைபிள் சங்கீதத்தை ஆரம்பம் முதல் படித்தார். மேலே திரையில், குழாய்கள் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்தது. போன கிறிஸ்துமஸ் உறைந்த இடத்தை அது தாண்டும்போது நேடீன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரல் பதிந்த சிவப்பு மாலை வரை போகவில்லை. கோடு நிரம்பியது. பெரிய குழாய்களுக்கென்று கிறிஸ்துமஸில் கொண்டுவந்த பெட்டியளவு ஸ்பீக்கர் ஐலியின் சுவரோரம் வாரக்கணக்கில் வெறுமனே நின்றுகொண்டிருந்தது. இப்போது அது இருமியது.

நேடீன் உட்கார்ந்து, காலை வைத்தாள்.

சத்தம் என்று சொல்ல முடியாது. முதலில் என் நாற்காலிக்கால் அதிர்ந்தது, பிறகு ஜன்னல் கண்ணாடி. சபை எழுந்து பாடத் தொடங்கியது. ஐலி எழவில்லை. குனிந்தே இருந்தாள், கைகள் மடியில். மாடியைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். பார் ஐலி, பார் என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன், அவளுக்குக் கேட்கப்போவதுபோல. அவள் பக்கத்தில் வைத்திருந்த ஆராதனைத் தாள் பெஞ்சிலேயே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. இந்தமுறை கையுறையை உருவ அவளுக்குப் பொறுமை இல்லை, பல்லால் இழுத்தாள்.

உள்ளங்கை மரத்தில் பதிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

ஆறு சரணமும் பாடினோம். கடைசியை இரண்டாம் தடவையும் பாடினோம், யாரும் சொல்லாமலே. லேப்டாப்பின் விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது, தொட்டால் சுட்டது. இன்னும் எவ்வளவு தாங்கும் என்று எழுதிவைக்க ஆல்பர்ட்டாக்காரனுக்கும் தெரிந்திருக்காது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்துவைத்து, வாயையும் திறந்து, நிறுத்திக்கொண்டார்.

நேடீன் இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கால் மட்டும் அழுத்தியபடி இருந்தது. அந்த ஒற்றைக் குழாய் நிற்காமல் ஊதிக்கொண்டிருக்க, அவள் கண் லாரிக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. கண்ணாடியில் அந்தக் கை இன்னும் மரத்திலிருந்து எழவில்லை.