தோற்பதற்கு ஓர் ஆள்

உலகத்திலேயே அதிக முறை தோற்ற மனிதன் நான்தான். சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். அத்தனை முறையும் தோற்கடித்தவள் அவள்.

ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். இது கார்டுச் சண்டை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு டிராகனோ சூனியக்காரியோ இருக்கும். அததற்கு ஒரு சக்தி. கடையில் வாங்கிச் சேர்த்து, நமக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொண்டு மோத வேண்டும். வங்கியில் கேஷியராக இருந்தவள், ஓய்வு பெற்றதும் விரல் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று இதில் இறங்கினாள். அவள் கார்டு கலைத்தால் ஜன்னல் திரை பறக்கும். சீக்கிரமே தேசிய சாம்பியன். "கேஷியரம்மா வந்துட்டாங்கடா" என்றதும் எதிராளிகள் கழிவறைக்கு ஓடுவார்கள் என்று கேள்வி. கிளப்பிவிட்டது நான்தான்.

வீட்டில் அவளுக்குப் பயிற்சி எதிராளி நான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். கீழே போவது பழக்கம். தட்டு கழுவியதும் மேஜையைத் துடைப்பேன். கலைத்து வைத்ததும் அவள் கட்டை நான் வெட்டுவேன், என் கட்டை அவள் வெட்டுவாள். எதிராளி வெட்டினால்தான் ஆட்டம் செல்லும். பிறகு தோற்பேன். அப்படியொரு சுகம்.

இந்தத் தடவை கடல் தாண்டி உலகப் போட்டி. வாரக்கணக்கில் மேஜை காய்ந்து கிடந்தது. இறுதி ஆட்டத்தன்று காலையில் போன் செய்தாள்.

"ஏங்க, ஃபைனல்ல என்கூட மோதப்போற பொண்ணோட கட்டைக் காட்டிட்டாங்க. முழுக்கப் பனி. கொஞ்சம் ஆடிப் பார்த்துச் சொல்லுங்க."

எங்களிடம் பனிக் கார்டு கிடையாது. பழைய காலண்டரைக் கிழித்து 'பனிக்கரடி', 'பனிச்சுவர்' என்று எழுதி, கார்டு போடும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினேன். அந்தப் பெண்ணாகவும் என் மனைவியாகவும் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து ஆடியதில் முழங்கால் கழன்று தெருவுக்கே உருண்டோடியது. ஒன்று மட்டும் புரிந்தது. அவள் உயிராக நினைக்கும் டிராகன், பனியில் விறைத்து நிற்கும். தோல்வி நிச்சயம். யாரும் சீண்டாத ஆமையை வைத்தால் பிழைப்பாள்.

தோற்றால் அடுத்த விமானத்தில் வீடு. ஜெயித்தால் ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும், ஒப்பந்தம் அப்படி. டிராகனே போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த டிராகன் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது.

"டிராகனை எடுத்துடு. ஆமையை வை" என்றேன்.

"ஆமையா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. பனி அதை என்ன பண்ணும்? அது ஏற்கெனவே மெதுவாத்தான் போகுது."

போனுக்குள் ஒரு கார்டை உருவும் சத்தம் கேட்டது.

"ஜெயிச்சா ஆறு மாசம் வர முடியாது. தெரியும்ல?"

"தெரியும். ஆமையை வை."

"சாப்டீங்களா?"

"பத்து ஆளு சாப்பாடு சாப்டேன். போ, போய் ஆடு."

ஜெயித்தாள். நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் தீப்பிடித்ததென்று வாளியோடு ஓடிவந்தார்.

அவர் போனதும் மேஜையைத் துடைத்தேன். அவள் விட்டுப்போன பழைய கட்டை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். என் கட்டை வெட்ட ஆளில்லை, நானே வெட்டிக்கொண்டேன். அவள் பங்குக்கும் நானே ஆடினேன், அவளைப் போலவே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

ஜெயித்துவிட்டேன்.

சே, இதற்கா மனுஷர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள்?