வேண்டா கேட்ட சுடிதார்

கீர்த்தனாவால் கையை இறக்க முடியவில்லை. இறக்கினால் அம்மா தெருவுக்குத் தெரிந்துவிடுவாள்.

பின்வாசலில் அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறைப்புக்காக மூன்று பக்கம் கொடிக்கயிற்றில் அம்மாவின் புடவைகளையே தொங்கவிட்டிருந்தார்கள். நாலாவது பக்கப் புடவையின் ஒரு முனை கீர்த்தனாவின் கையில் இருந்தது. மறுமுனையை எதிர்வீட்டு ரேணுகா அக்கா பிடித்திருந்தாள். காலை வெயில் துணிகளுக்குள் புகுந்து, ஊற்றிய தண்ணீரை ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் வாழைக்குருத்துப் பச்சையாகவும் ஆக்கியது. பெஞ்சில் கிடந்த அம்மா ஏதோ குளத்தின் அடியில் கண்மூடிப் படுத்திருப்பவள் போலிருந்தாள்.

கீர்த்தனா வரிசையாகப் பார்த்தாள். பச்சை, தாவணியை விட்டுக் கல்யாணமாகி வந்த புதிதில் கட்டிய வழவழப்பான பாலியஸ்டர். நீலம், கீர்த்தனா பிறந்த சமயத்துப் பூனம் புடவை. அடுத்தது ஓரமெல்லாம் கல் ஒட்டியது. அதற்குப் பிறகு பெரும்பாலும் நைட்டிதான். வருஷங்களைச் சரியாகத்தான் நினைத்துக்கொள்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம்.

கீர்த்தனா வாங்கிவந்த சுடிதார் உள்ளே ஆஸ்பத்திரிப் பையில் இருந்தது. மூன்று நாளைக்கு முன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், கட்டிலில் படுத்தபடி அம்மா கேட்டது.

"மகாபலிபுரத்துல அலை வந்தா புடவையத் தூக்கிப் புடிக்கவே ரெண்டு கையும் சரியாப் பூடுது. ஒருவாட்டி கைய வீசிகினு நிக்கணும்டி. வூட்டுக்குப் போவும்போது ஒரு சுடிதாரப் போட்டு இட்டுகினு போ."

நாலாவதும் பெண் என்று வேண்டா எனப் பெயர் வைக்கப்பட்டவள். கீர்த்தனாவிடம் வேணுமென்று கேட்டது இது ஒன்றுதான்.

"போதும் தண்ணி," என்றாள் காசியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா. "இவ அண்ணன் திருவேங்கடம் கோடிப் புடவையோட வாசல்ல நிக்கிறான். வாங்கியாங்கடி, கட்டிடலாம்."

இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் இல்லை. "அத்த, அம்மாவுக்குச் சுடிதார் போடணும்."

"இன்னாடி சொல்ற? பூவும் பொட்டுமாப் போறவள காலேஜுக்கா அனுப்பறோம்?"

"அம்மா கேட்டிச்சு அத்த."

"கேப்பா. ஊரு சிரிக்கும். பொம்பளையா லட்சணமா புடவைலதான் போவணும்."

ரேணுகா அக்கா மறைப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "லட்சணத்தப் பேசறியே, நீ இன்னா போட்டுகினு கீற?"

அத்தை நைட்டியில்தான் இருந்தாள், தோளில் ஒரு துண்டோடு. இந்தத் தெருவில் முதல் நைட்டி அம்மாவுடையது. அன்று குழாயடியில் வைத்து, "பாவாடைய கழுத்துல மாட்டிகினு வருது பாரு" என்றவள் இதே அத்தை. இரண்டு மாசம் அம்மாவோடு பேசவில்லை.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அத்தை குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் மாமனுக்கு இன்னா பதில் சொல்றது?"

"கோடி மேல இருக்கட்டும். உள்ள இது."

அத்தை அம்மாவின் கையைத் தூக்கி மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. "வெறச்சிப் போச்சு. மாட்ட முடியாது."

அவ்வளவுதான் என்று நினைத்தாள் கீர்த்தனா. அத்தை ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"மூஞ்சியப் பாரு. போய்க் கத்திரிக்கோல் எடுத்தா. முதுகுப் பக்கம் வெட்டிட்டு முன்னால போட்டா ஆருக்குத் தெரியும்?"

பக்கத்தில் நின்ற ஒருத்தி புடவை முனையை வாங்கிக்கொண்டாள். இளஞ்சிவப்பில் சின்ன வெள்ளைப் பூக்கள் போட்ட துணி. கீர்த்தனா கழுத்திலிருந்து நேராக வெட்டினாள். கோணலாகப் போகிறதோ என்று இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு வெட்டினாள். அத்தைதான் அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தாள்.

திருவேங்கடம் மாமா கோடியைப் போர்த்தும்போது கழுத்தோரத்து இளஞ்சிவப்பைப் பார்த்தார். கோடியின் ஓரத்தை நீவிவிட்டார்.

பாடை கிளம்பியதும் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். மேளச்சத்தம் சவுக்குத்தோப்புக்குள் நுழைந்து மெல்ல மெல்ல மங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. எல்லாரும் திரும்பிய பிறகும் அத்தை நகரவில்லை.

"ஏண்டி," என்றாள், தோப்பைப் பார்த்தபடியே. "எனக்குன்னா இன்னா சைஸ் வரும்?"

கீர்த்தனா கையை விரித்து அத்தையின் தோள் முனையில் வைத்தாள். ஒரு சாண். அடுத்த சாணுக்கு விரல்கள் நகர்ந்தபோது அத்தை துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.