பூட்டியாச்சு

குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் குழாய் வால்வு ஒழுகத் தொடங்கி ஒரு கிழமையாக எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தண்ணீர் வீணாகிறதே என்பதற்காக அல்ல. கமலேஸ்வரிக்கு எட்டாம் மாதம். இதற்கு முன்னர் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. அந்த ஈரச் சீமெந்துத் தரையில் என் மனைவி கால் வைக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன்.

இறக்குமதிச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காத காலம். பழைய சைக்கிள் ரியூபை வெட்டி வொஷர் செய்து வைத்திருந்தேன். ஆனால் வால்வைக் கழற்றுவதென்றால் முதலில் வீதிக் குழாய் உள்ளே வரும் கேற்றடியில் தண்ணீரை நிறுத்த வேண்டும். அங்கே நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. கமலேஸ்வரியின் தமையன் குலசிங்கத்துக்குச் சீனன்குடாவில் வேலை. அவன்தான் அங்கே போடுவதற்கு எங்கேயோ பிடித்து இன்னொரு வால்வு கொண்டுவந்தான். பாலையூற்றில் எங்கள் பக்கம் பின்னேரம்தான் குழாயில் தண்ணீர் வரும் என்றாலும் அந்த நேரத்தை நம்ப முடியாது.

"தண்ணி வரமுன்னம் முடிச்சிடுவம், மச்சான்" என்றபடி குலசிங்கம் கேற்றடியில் குந்தினான். நான் குசினிக்குள் குந்தினேன். கமலேஸ்வரியை அறைக்குள் இருக்கச் சொன்னேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானென்ன கண்ணாடிச் சாமானே?"

கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான், பூட்டியாச்சோ?" என்று கத்தினேன்.

"ஓம், பூட்டியாச்சு!"

நம்பிக் கழற்றினேன். பழைய வொஷரைச் சுரண்டிக்கொண்டிருக்கக் குழாய்க்குள் காற்று இரைந்தது. அடுத்த நொடி தண்ணீர் முகத்தில் அடித்தது. அன்றைக்கென்று பார்த்து வழமையான நேரத்துக்கு முன்னரே தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளங்கையால் குழாயைப் பொத்திக்கொண்டு, "பூட்டு! பூட்டு!" என்று அலறினேன்.

"பூட்டிட்டன் எண்டு சொன்னனான்தானே!"

சனியன் பிடித்த சொல். எங்கள் ஊரில் பொருத்துவதும் பூட்டுவதுதான், அடைப்பதும் பூட்டுவதுதான். அவன் பொருத்தியிருந்தான், அடைக்கவில்லை.

அலறல் கேட்டுக் கமலேஸ்வரி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தரையெல்லாம் வெள்ளம். கையை எடுத்தால் இன்னும் பெருகும். எடுக்காவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது.

காலைத் தூக்கினாள். தரையைப் பார்த்தாள். தூக்கிய காலைப் பின்னுக்கே வைத்து, கதவு நிலையைப் பிடித்தபடி மெல்ல வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தாள்.

"அண்ணை, அதைத் திருகித் தண்ணியை நிப்பாட்டுங்கோ!"

தண்ணீர் நின்றது. அவளிடம் ஓடப் போன நான் இரண்டாம் எட்டிலேயே வழுக்கி மல்லாந்து விழுந்தேன்.

"இஞ்சாருங்கோ, இனி ஆர் அறைக்குள்ள இருக்கிறது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பார்த்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பும் அடங்கியது.

"உங்களுக்கு மட்டும்தான் பயமெண்டு நினைச்சியளோ?" என்று கேட்டாள். "என்னட்டை ஒரு நாளாவது கேட்டனீங்களே?"

நான் கேட்டிருக்கவில்லை.