பிளாஸ்மாவுக்காக அடைத்த ஜன்னல்

கருங்கலிலிருந்து மேற்கே போகும் சாலையில், ஜஸ்டஸின் வீட்டு முன்னறை ஜன்னலுக்குக் காலையிலேயே ஆள் வரத் தொடங்கிவிடும். மீன்காரப் பெண் தலைச்சுமையை இறக்காமலே இன்றைக்கு என்ன மீன் என்று சொல்லிவிட்டுப் போவாள். ரப்பர் பால் எடுத்துவிட்டு வரும் ராஜையன் கொஞ்சம் நின்று, மழை வருமா என்று கேட்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறந்துபோன செய்யுளின் அடுத்த வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடும். இத்தனை பேருக்கும் உள்ளே கட்டிலில் இருந்து பதில் சொல்கிறவள் ஞானசெல்வி, ஜஸ்டஸின் தங்கை. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. நாற்பது வயதான பிறகும் அவள் பார்த்த உலகம் பெரும்பாலும் அந்த ஜன்னலின் அகலம்தான். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஜன்னலுக்கு ஒரு டிவியால் ஆபத்து வந்தது.

ஜஸ்டஸ் தோகாவில் ஸ்டோர் கீப்பர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த வருடம் 2009. மகள் ஜிஷா நர்சிங் முடித்திருந்தாள். குழித்துறைப் பக்கத்திலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்து, பெண்ணையும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீடு காண வருகிறார்கள். வீடு காண வருகிறவர்கள் முதலில் காண்பது முன்னறையை. அங்கே இருந்ததோ முதுகு பெருத்த ஒரு பழைய டிவியும் ஞானசெல்வியின் கட்டிலும். இரண்டில் எது கண்ணை அதிகம் உறுத்துகிறது என்று ஜஸ்டஸின் மனைவி தங்கபாயிடம் கேட்டிருந்தால், டிவி என்றுதான் சொல்லியிருப்பாள். மனதுக்குள் இருந்த பதில் வேறு.

புருஷனும் மனைவியும் மார்த்தாண்டம் போய் இரண்டு நோட்டீஸ்களோடு திரும்பி வந்தார்கள். ஒன்று பிளாஸ்மா, மற்றது எல்சிடி. ஜஸ்டஸ் கடைக்காரன் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார். பிளாஸ்மாவில் கறுப்பு கறுப்பாகவே தெரியுமாம். படம் தியேட்டர் மாதிரி இருக்குமாம். ஆனால் முகப்பு கண்ணாடி. எதிரே வெளிச்சம் இருந்தால் அங்கே இருப்பதெல்லாம் அதில் தெரியும், படம் தெரியாது. எல்சிடிக்கு அந்தத் தொல்லை இல்லை, வெளிச்சமான அறைக்கு அதுதான் தோது. நம் ஹாலில் ஜன்னல் நேர் எதிரே வருகிறதே, அதனால்தான் யோசனையாக இருக்கிறது என்று அவர் முடித்தார்.

"வெளிச்சந்தானே, ஜன்னல அடைச்சா போச்சு," என்றாள் தங்கபாய். "செல்விக்க கட்டில பின்னால சாய்ப்புல போட்டுக்கலாம்."

கட்டிலில் நூலில் பூப்பின்னிக்கொண்டிருந்த ஞானசெல்வியின் கை நின்றுபோயிற்று.

சாய்ப்பு என்பது அடுக்களைச் சுவரை ஒட்டிப் பின்னால் இறக்கிய ஓட்டுக்கூரை அறை. விறகும் ரப்பர் ஷீட்டும் போடுகிற இடம். ஜன்னல் கிடையாது. முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவளை அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கட்டிலிலிருந்து சரிந்து சுவர் இடுக்கில் மாட்டிக்கொண்டு அவள் கூப்பிட்ட கூப்பாடு ஒருவர் காதிலும் விழவில்லை. மத்தியானம் சோறு கொண்டுவந்தபோதுதான் கண்டார்கள். ரப்பர் ஷீட்டின் நாற்றத்தில், கைமேல் பல்லி ஓட ஓட, இனி யாருமே வரமாட்டார்களோ என்று கிடந்த அந்த நேரம் இன்றும் அவள் கனவில் வரும். கனவிலும் குரல் வெளியே வராது.

ஆகவே, டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஞானசெல்வி, எல்சிடி என்ற அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துக்காக ஆண்டவரிடம் ஜெபம் செய்ய ஆரம்பித்தாள். இப்படி ஒரு விண்ணப்பம் பரலோகத்துக்குப் புதிதாகத்தான் இருந்திருக்கும். இரண்டு நோட்டீஸையும் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சாயங்காலம் அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணே, எல்சிடி கொள்ளாம், அதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது."

ஜஸ்டஸுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு சாமான் கேட்டறியாதவள், டிவியில் வந்து அபிப்பிராயம் சொல்கிறாளே என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சாய்ப்புல எனக்குப் பேடியா இருக்கு அண்ணே. கூப்பிட்டா ஒருத்தருக்கும் கேக்காது," என்று தன் பயத்தைச் சொன்னாள்.

"கேக்காம என்ன? நாங்க எல்லாரும் இஞ்சதானே இருக்கோம்," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கபாய் கொடுமைக்காரி இல்லை. இத்தனை வருடம் நாத்தனாருக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள்தான். அவளுக்கும் பயம். குடும்பத்தில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால், வம்சத்திலேயே வருகிற நோய் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்று அவள் சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிளாஸ்மா நல்லது என்று சொல்ல வெட்கம் தேவைப்படவில்லை. ஜஸ்டஸுக்கும் இது தெரியும். தெரியாதது போல இருப்பது அவருக்கும் வசதியாக இருந்தது. ஊரில் எத்தனையோ வீடுகளில் இந்த மாதிரிக் காரியம் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் ஒளித்துவைப்பதில்லை. வீட்டில் ஏதோ ஒரு சாமானுக்கு இடம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்மா வந்தது. சுவரில் மாட்ட வந்த ஷிபு, ஜன்னலை அடைப்பதைப் பார்த்துவிட்டு, இதுக்கு எல்சிடியே எடுத்திருக்கலாமே என்றான்.  பிளைவுட் பலகையை வைத்து ஆணி அடித்தார்கள்.  ஜிஷா மட்டும், ஞாயிறு கழியட்டும் மாமி, நான் அப்பாகிட்ட சொல்லி மாத்தித் தாறேன் என்று காதில் சொன்னாள். கட்டில் சாய்ப்புக்குப் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கபாய் மறுநாள் பாயசத்துக்காகக் கேஸ் அடுப்பில் பாலை வற்ற வைத்திருந்தாள். புதிதாக வாங்கிய ஸ்பீக்கர்களை இணைத்தாயிற்று, வந்து பாரம்மா என்று ஜிஷா கூப்பிட்டாள். இதோ வந்துவிடலாம் என்றுதான் போனாள். போனவள் உட்கார்ந்துவிட்டாள். முன்னறைக் கதவையும், வெளிச்சம் வருகிறது என்று, அடைத்துக்கொண்டார்கள்.

சாய்ப்பில் இருட்டத் தொடங்கியிருந்தது. சுவர் வழியாக ஸ்பீக்கரின் அதிர்வு கட்டில் காலுக்கு வந்துகொண்டிருந்தது. அடுக்களையில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. பிறகு ஸ் என்று ஒரு சத்தம் வந்தது, அது நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். ரப்பர் ஷீட்டாக இருக்கும் என்று முதலில் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் ரப்பரின் நாற்றம் அவளுக்கு இரண்டு நாளாகப் பழகியிருந்தது. இது அது இல்லை. பால் வழிந்து அடுப்பின் தீ அணைந்திருக்கிறது. கேஸ்.

"மைனி," என்று தங்கபாயைக் கூப்பிட்டாள். "ஏட்டி ஜிஷா. அண்ணே."

முன்னறையில் யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள், ஒரு கார் வெடித்தது. அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கனவில் நடப்பதே இப்போது நேரில் நடந்தது. இருட்டிவிட்டால் யாராவது அடுக்களைக்கு வருவார்கள். வந்ததும் கதவோரச் சுவிட்சைத் தட்டுவார்கள். ஒரு பொறி போதும். அதை நினைத்தபோது, கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கட்டிலிலிருந்து தானே கீழே உருண்டு விழுந்தாள்.

கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, விறகுக் குவியலைத் தாண்டினாள். அடுக்களை வாசற்படி நெஞ்சை அறுத்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அவளும் தரையோடுதான் போகமுடியும். மூச்சு முட்டி, கண் இருட்டியது. மேடைமேல் இருந்த அடுப்பின் திருகு அவள் கைக்கு எட்டவில்லை. விரல் நுனி மேடையின் விளிம்பில் பட்டுப் பட்டு நழுவியது. ஆண்டவரே என்று கீழே சரிந்தபோது தோளில் குளிர்ச்சியாக ஏதோ இடித்தது. சிலிண்டர். அதன் ரெகுலேட்டர் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பிடித்துத் திருகினாள். அந்த ஸ் சத்தம் நின்றது.

ஆனால் பயம் நிற்கவில்லை. அறை முழுக்கக் கேஸ் நின்றது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. அப்போதுதான் முன்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாலை நினைத்துக்கொண்டு தங்கபாய் ஓடி வருகிறாள்.

"சுவிச்சு போடாத," என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திறந்த கதவு வழியாக டிவியின் சத்தம் வந்து அந்தக் காற்றையும் மூடிற்று. தங்கபாயின் கை பழக்கத்தில் சுவிட்சை நோக்கிப் போவது நிழலாகத் தெரிந்தது. ஞானசெல்வி இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து முன்னால் பாய்ந்து, அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள்.

இருட்டில் காலை ஏதோ பற்றினால் யார்தான் அலறமாட்டார்கள்? தங்கபாய் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். விழுந்த பிறகுதான் நாற்றம் அவள் மூக்கில் ஏறியது, காலைப் பிடித்திருப்பது யாருடைய கை என்றும் தெரிந்தது. சுவிட்சு தொடாத மைனி, கேஸு என்ற குரல் காற்றைப் போலக் கேட்டது.

ஜஸ்டஸ் ஓடிவந்து கதவுகளைத் திறந்தார். தங்கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து பலாமரத்தடியில் உட்காரவைத்தார். அவளுடைய முழங்கையெல்லாம் தோலுரிந்திருந்தது. ஜிஷா அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள். தங்கபாய் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பிளாஸ்மா, பார்க்க ஆளில்லாமல், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இல்லேன்னா நாங்க எல்லாரும் கரிஞ்சு போயிருப்போம்," என்றார் ஜஸ்டஸ்.  "எங்க உயிரக் காப்பாத்தினவ நீ. இனி உனக்க கட்டில் முன்னறையிலதான்."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஞானசெல்வி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததே கிடையாது.

"அப்பம் நான் கேஸ அடைக்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள். "வேற ஒரு நாளு, ஒண்ணும் செய்யாம அங்க சும்மா கெடந்திருந்தா, அந்தச் சாய்ப்புதான் எனக்கு மதியா, அது போதுமா? காப்பாத்தினதுக்குக் கூலியா எனக்கு ஜன்னல் வேண்டாம் அண்ணே. இந்த வீட்டுல பிறந்தவன்னு தரமுடியும்னா தா."

 அவள் கேட்டதில் ஜஸ்டஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு தான் சொன்ன பொய்யும் அதில் இருந்தது. எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்தார். உள்ளே பலகையின் ஆணிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தங்கபாயும் எழுந்துபோய், கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் வணக்கம் சொன்னது ஜன்னலோரத்துக் கட்டிலிலிருந்து ஞானசெல்விதான். மாப்பிள்ளையின் அப்பா டிவியைப் போட்டுப் பார்த்தார். பட்டப்பகலில் அந்தக் கண்ணாடி முகப்பில் படத்தைவிட ஜன்னலும் கட்டிலும் அதில் இருந்தவளும்தான் நன்றாகத் தெரிந்தார்கள். ஜன்னலை அடைத்தால் படம் எடுப்பாக இருக்குமே என்று அவர் சொன்னார்.  புருஷனுக்கு முந்திக்கொண்டு தங்கபாயே பேசினாள்.

"அது எங்க செல்விக்க ஜன்னல். அத அடைக்க மாட்டோம். அவ எனக்க நாத்தூன். சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து காலு போச்சு."

ஜஸ்டஸ் தொடர்ந்தார். "நேத்து வரை இவள ஒளிச்சு வச்சிருந்தோம், நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பேடிச்சு. ஒரு ஆள ஒளிச்சு வச்சாத்தான் கல்யாணம் நடக்கும்னா, அது நடக்காண்டாம்."

 ஞானசெல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பயத்தில் அவள் தனியாக இல்லை.

அந்தக் கல்யாணம் அமைந்ததா என்று கேட்கத் தோன்றும். அதை நான் சொல்லப்போவதில்லை. அமைந்தது என்றால் ஞானசெல்வியை வெளியே காட்டியதற்குக் கிடைத்த பரிசு என்பீர்கள். அமையவில்லை என்றால் அதற்குக் கொடுத்த விலை என்பீர்கள். அவள் எந்தக் கணக்கிலும் வருகிறவள் இல்லை. நடக்க முடியாதவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் நமக்கு உதவினால்தான் நம் வீட்டில் இடம் என்று சட்டம் கிடையாது. அவர்கள் நம் வீட்டு மனிதர்கள், அது போதும். அவர்கள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர்களை வையுங்கள். மீதி இடம் இருந்தால் டிவியை மாட்டுங்கள், பிளாஸ்மாவோ எல்சிடியோ உங்கள் இஷ்டம்.